அலுவலகத்துக்கு லினக்ஸ் சர்வர்: கடலூர், புதுவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுவை முத்தியால்பேட்டை வரை சின்னச் சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஆடிட்டர் ஆபீஸ், லாரி புக்கிங், ஸ்கேன் சென்டர், ஒரு அச்சகம். எங்கேயும் பத்துப் பதினைந்து கணினிக்கு மேல் கிடையாது. அவர்களில் பாதிப் பேரிடம் லினக்ஸ் சர்வர், அதாவது எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்துத் தரும் பொதுக் கணினி, ஓடுகிறது. மீதிப் பேர் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

சமூக டிஸ்ட்ரோ, சமூக டிஸ்ட்ரோ என்கிறீர்களே, அது என்ன?

லினக்ஸ் என்பது கறாராகப் பார்த்தால் கெர்னல் மட்டும்தான், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நிறுவுவதற்குத் தோதாகக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. ஒரு கம்பெனி கட்டிக் கொடுத்துச் சந்தா வாங்கினால் அது வணிக டிஸ்ட்ரோ. ரெட் ஹேட் அப்படி. பல நாட்டு ஆட்கள் கூடி, யாருக்கும் சொந்தமில்லாமல் கட்டினால் சமூக டிஸ்ட்ரோ. இந்த வகையில் பெரியண்ணன் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கினார். தன் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் ஒட்டி டெபியன் என்று வைத்தார், நம் ஊர் லாரிகளில் பிள்ளைகள் பெயரைச் சேர்த்து எழுதுவதுபோல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டியதுதான்.

யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் செய்ததை நம்பி கம்பெனிக் கணக்கை வைக்கலாமா சார்?

நியாயமான பயம். இதற்கு நான் எப்போதும் சொல்வது 2024 மார்ச்சில் நடந்த கதை. எக்ஸ்-இசட் என்று ஒரு சின்ன மென்பொருள், கோப்புகளைச் சுருக்கித் தருவது. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்தவர் ஒற்றை ஆள், சோர்ந்துபோயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் உள்ளே ஒரு திருட்டு வழியை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளருக்கு சர்வரில் உள்நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதாகத் தோன்றியது. அந்த அரை நொடியை விடாமல் துரத்திக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

இதில் நமக்கு வேண்டிய சேதி இரண்டு. சமூக மென்பொருளிலும் திருடன் நுழைய முடியும். ஆனால் டெபியனின் நிலையான வெளியீட்டில் அந்தக் கெட்ட பதிப்பு வந்து சேரவே இல்லை. சோதனைக் கிளைகளோடு நின்றுவிட்டது. டெபியன்காரர்கள் புதுசு என்றதும் பாய மாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நிலையான வெளியீடு. ஆபீஸ் சர்வருக்கு அந்த மந்தம்தான் வேண்டும்.

எல்லாம் இலவசம்தானே?

உரிமக் கட்டணம் இல்லை. விண்டோஸ் சர்வர் என்றால் சர்வருக்கு ஒரு உரிமம், அப்புறம் அதைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ தனி உரிமம். அது இங்கே இல்லை. ஆனால் ஆள் வேண்டும். மாதம் ஒரு முறை வந்து பார்க்கிற, போன் செய்தால் எடுக்கிற, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள். அந்த ஆள் உங்கள் ஆபீஸ் பையனாகவே இருக்கலாம். யாருமே இல்லாமல் "போட்டுவிட்டுப் போய்விடுங்கள்" என்று கேட்கிற இடத்தில் நான் போடுவதில்லை.

எந்த டிஸ்ட்ரோ போடுவது?

டெபியன். அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடு. இரண்டுக்கும் சுமார் 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உபுண்டு கனோனிக்கல் என்ற கம்பெனியின் கையில் இருப்பது, டெபியனிலிருந்து கிளைத்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தது. இப்போது புதிதாகப் போடுகிறவர்கள் அதையே போடலாம்.

ஏன் ரெட் ஹேட் வழி போகவில்லை என்று கேட்பார்கள். போனேன், சூடு பட்டேன். ரெட் ஹேட்டின் இலவச நகலாக சென்ட்ஓஎஸ் இருந்தது. 2029 வரை ஆதரவு என்று நம்பி இரண்டு இடத்தில் சென்ட்ஓஎஸ் 8 போட்டேன். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31ஓடு முடிகிறது என்று. பத்து வருடம் என்று நினைத்து வாடகைக்குப் போன வீட்டில் அடுத்த பொங்கலுக்குள் காலி செய் என்றால் எப்படி இருக்கும்? அதன் பிறகு ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்று இரண்டு வந்து அந்த இடத்தைப் பிடித்தன. ராக்கியைத் தொடங்கியவர் சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர்தான். இரண்டும் நல்லவை, பத்து ஆண்டு ஆதரவு சொல்கின்றன. ஏதாவது மென்பொருள் ரெட் ஹேட் வகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதைப் போடுங்கள்.

ஃபெடோரா வேண்டாம். மோசமில்லை, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 13 மாதம்தான் ஆயுள். வீட்டு மடிக்கணினிக்குச் சரி.

எங்களிடம் ஏழெட்டு கணினிதான். சர்வர் என்று ஒன்று தேவையா?

இப்போது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். "அக்கவுண்ட்ஸ் மேடம் சிஸ்டத்தில்" என்று பதில் வந்தால், அந்த மேடம் லீவு போட்ட நாளில் ஆபீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அவருடைய கணினிதான் இப்போது உங்கள் சர்வர், அது தெரியாமலே அவர் மத்தியானம் சாப்பிடப் போகும்போது அணைத்துவிட்டுப் போகிறார். நான்கு பேருக்கு மேல் ஒரே கோப்பைத் தொடுகிறார்கள் என்றால் தனி சர்வர் வைத்துவிடுவது நல்லது.

மூலையில் ஒரு பழைய கணினி கிடக்கிறது. போதுமா?

கோப்புப் பகிர்வுக்கும் பிரிண்டருக்கும் தாராளமாகப் போதும். ஒரு பழைய ஐ3, 8 ஜி.பி. மெமரி இருந்தால் பத்துப் பேருக்கு வியர்க்காமல் ஓடும். ஒன்றே ஒன்று, அது 64 பிட் ஆக இருக்க வேண்டும். டெபியன் 13இலிருந்து பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவும் தொகுப்பே வருவதில்லை. பென்டியம் 4ஐ எல்லாம் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி பழசாக இருக்கலாம், டிஸ்க் பழசாக இருக்கக் கூடாது. சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., கோப்புகளுக்கு ஒரே அளவில் இரண்டு புது ஹார்ட் டிஸ்க். புதுவை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை வாங்கலாம், ஹார்ட் டிஸ்க் வாங்காதீர்கள். மதர்போர்டில் உள்ள ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோன கணினி ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் பழைய காலத்துத் தேதியில் விழித்துக்கொள்ளும்.

விண்டோஸ் கணினிகள் அப்படியே இருக்கலாமா? எல்லோரும் லினக்ஸுக்கு மாற வேண்டுமா?

யாரும் மாற வேண்டாம். சர்வரில் சம்பா என்ற மென்பொருள் ஓடும். விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்பு பகிர எந்த மொழி பேசுகின்றனவோ அந்த மொழியை அது பேசும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் எழுதத் தொடங்கியது. ஊழியர்களுக்கு "மை கம்ப்யூட்டர்" உள்ளே இன்னொரு டிரைவ் தெரியும், அவ்வளவுதான். சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் டிரைவில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். சம்பாவிலேயே இதற்கென்று ஒரு துணை வசதி இருக்கிறது, அழித்ததையெல்லாம் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். எனக்கு வரும் போன்களில் பாதி "தெரியாமல் டெலீட் பண்ணிட்டேன் அண்ணா" வகைதான்.

இரண்டாவது, ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை நேராக சர்வர் ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு எஸ்.எம்.பி. (மேலே சொன்ன கோப்பு பகிரும் மொழி) முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2019க்குப் பிறகு வந்த சம்பாவில் அந்த முதல் பதிப்பு மூடியே வரும். உடனே எல்லோரும் இணையத்தில் தேடி அதைத் திறந்துவிடுவார்கள். வேண்டாம். 2017இல் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் விண்டோஸில் நுழைந்தது அந்த வழியில்தான். மெஷினில் எஃப்.டி.பி. என்ற கோப்பு அனுப்பும் முறை இருந்தால், சர்வரில் ஸ்கேனுக்கு மட்டும் ஒரு தனி எஃப்.டி.பி. ஃபோல்டர் வைத்து அதில் விழ வைத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

டாலி ஓடுமா?

முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், நான் இவ்வளவு கீழே வைத்திருக்கிறேன். டாலி விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள். அது விண்டோஸ் கணினிகளிலேயே இருக்கும், உரிமமும் அங்கேயே. டேட்டா ஃபோல்டர் மட்டும் சர்வரில் இருக்கும். எல்லாக் கணினியிலும் ஒரே டிரைவ் எழுத்தாக அதை மேப் செய்து, டாலியில் டேட்டா இருக்கும் இடமாக அதைக் காட்டினால் போதும். வைஃபையில் வேண்டாம், ஒயர் இழுங்கள். டாலி டேட்டாவின் பேக்கப் ஓடும் நேரத்தில் யாரும் டாலியைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸில் இரவு 11 மணிக்கும் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அங்கே நான் விடியற்காலை 4 மணிக்கு வைத்திருக்கிறேன்.

சர்வர் போட்ட பிறகும் ஸ்லோவாக இருக்கிறதே?

பத்தில் ஏழு தடவை சர்வர் மேல் குற்றம் இருக்காது. முத்தியால்பேட்டையில் ஒரு ஆபீஸ், கடலிலிருந்து நாலு தெரு. மூன்று கணினியில் மட்டும் கோப்பு ஆமை வேகத்தில் வருகிறது என்றார்கள். ஒயரின் முனையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், எட்டுத் தகடுகளில் இரண்டில் பச்சை பூத்திருக்கிறது. உப்புக்காற்று. நெட்வொர்க் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டில் ஒன்று போனால் இணைப்பு அறுந்துவிடாது, சத்தம் போடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அப்போது நொடிக்கு 11 மெகாபைட்தான் வரும், 110 வர வேண்டிய இடத்தில். முனையை வெட்டிப் புது ஜாக் கிரிம்ப் செய்ததும் சரியாகிவிட்டது. நம் கடற்கரை ஊர்களில் நல்ல ஜாக்காக வாங்குங்கள், வருடத்துக்கு ஒரு முறை முனைகளைப் பாருங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஒரு சிக்கல் உண்டு. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளுக்கு மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி, "இறுதித் திருத்தம் 3" என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். விண்டோஸில் இருந்த வரை பிரச்சினை இல்லை. சர்வருக்கு நகலெடுத்தபோது சில கோப்புகள் மட்டும் ஏறவில்லை. காரணம் இதுதான்: விண்டோஸ் கோப்பின் பெயரில் 255 எழுத்துக் குறிகள் வரை விடும். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறை 255 பைட் வரைதான் விடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். அதிலும் "தி" என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்கு தகரம் ஒன்று, கொக்கி ஒன்று, ஆக இரண்டு குறி, ஆறு பைட். "திருமண அழைப்பிதழ்" என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குப் பத்து எழுத்து. குறிகள் பதினாறு. நடுவில் உள்ள இடைவெளியோடு 49 பைட். இரண்டே வார்த்தையில் இருக்கிற இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தமிழில் நாற்பது எழுத்தைத் தாண்டாமல் பெயர் வையுங்கள், தொல்லை இல்லை.

அதே அச்சகத்தில் இன்னொரு கூத்து. "பொங்கல் மலர்" என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர், பக்கத்துப் பக்கத்தில். ஒரு பெயரில் எப்படி இரண்டு இருக்க முடியும் என்று உரிமையாளர் பேய் பிடித்தவர்போல் பார்த்தார். "பொ" என்பதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. கொ, கோ, கௌ வரிசைகளில் எல்லாம் இது வரலாம். தேடிக் கிடைக்காத கோப்பு என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

கரண்ட் போனால்? புயல் வந்தால்?

கரண்ட்டுக்கு யு.பி.எஸ். அதுவும் யு.எஸ்.பி. ஒயரால் சர்வரோடு பேசும் யு.பி.எஸ். நட் என்ற மென்பொருளைப் போட்டால், பேட்டரி தீரப் போகிறது என்று யு.பி.எஸ். சொன்னதும் சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றணும். மாற்ற மாட்டீர்கள், தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

புயல் விஷயத்தில் நமக்கு அனுபவம் அதிகம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவில் கரையேறியபோது கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுவை அருகே கரையேறி ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. அந்த வாரம் நான் போய்ப் பார்த்த நான்கு ஆபீஸில் இரண்டில் சர்வர் மேசைக்குக் கீழே, தரையில். ஒன்றில் தண்ணீர் பெட்டியின் பாதி வரை ஏறி இறங்கிய கோடு சேறாகப் படிந்திருந்தது. எஸ்.எஸ்.டி. மேல் பக்கம் இருந்ததால் தப்பியது, இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் கீழ்த் தட்டில். சர்வரை இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். சுவரில் இரண்டு தாங்கி அடித்து ஒரு பலகை, கார்ப்பென்டருக்கு அரை நாள் வேலை.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோம். பேக்கப் எதற்கு?

ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று ஓடும், அதற்குத்தான் ரெய்டு. நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மேலே சொன்ன வெள்ளத்தில் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் முழுகின.

பேக்கப்புக்கு நான் பயன்படுத்துவது ஆர்ஸ்னாப்ஷாட். தினம் ஒரு முழு நகல் இருப்பதுபோல் தெரியும், ஆனால் மாறாத கோப்புகள் மறுபடி இடம் பிடிக்காது. போன செவ்வாய்க்கிழமை இருந்த மாதிரியே திறந்து பார்க்கலாம். வெளி டிஸ்க் இரண்டு வைத்து வாரம் ஒன்றை உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்கிறேன். ஆபீஸ் கடலூர் முதுநகர், வீடு நெல்லிக்குப்பம் என்றால் ரொம்ப நல்லது.

இப்போது என் தப்பு ஒன்று. ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இரவு பேக்கப் ஏழு மாதம் தவறாமல் ஓடியது. தினம் "வெற்றி" என்று மின்னஞ்சல் வரும். ஒரு நாள் ஒரு பில் வேண்டும் என்று வெளி டிஸ்க்கை என் மடிக்கணினியில் செருகினேன், கடைசித் தேதி ஏழு மாதம் பழையது. நடந்தது என்னவென்றால், பெருக்குகிற அம்மா ஒயரைத் தட்டி யு.எஸ்.பி. கழன்றிருக்கிறது. டிஸ்க்கைப் பொருத்த வேண்டிய காலி ஃபோல்டர் சர்வரில் அப்படியே இருந்தது. பேக்கப் அந்தக் காலி ஃபோல்டருக்குள்ளேயே, அதாவது அதே சர்வரின் டிஸ்க்கிலேயே, ஏழு மாதமாக விசுவாசமாக எழுதிக்கொண்டிருந்தது. ஒயரைத் தட்டிய அம்மாவைத் திட்டினார்கள். திட்டு எனக்கு விழுந்திருக்க வேண்டும். டிஸ்க் உண்மையிலேயே பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பேக்கப்பை நிறுத்திக் கூச்சல் போடும்படி இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது. அன்றிலிருந்து மாதம் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன்.

லினக்ஸில் வைரஸ் வராதுதானே?

வான்னாக்ரை வந்த அதே 2017 மே மாதம், சம்பாவிலும் ஏழு வருடமாக யாரும் கவனிக்காத ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. ஆகவே அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி அமைத்துவிடுங்கள், டெபியனில் அதற்கென்றே ஒரு பொதி இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் ஊழியரின் விண்டோஸ் கணினியில் புகுந்தால், அந்த ஊழியர் எழுத முடிகிற சர்வர் கோப்புகளையெல்லாம் பூட்டிவிடும். சர்வர் லினக்ஸா விண்டோஸா என்று அது பார்ப்பதில்லை. எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரிலும் எழுதும் அனுமதி கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து சர்வரைத் திறக்கலாமா?

வயர்கார்டு வழியாக. இணையத்தின் ஊடே ஆபீஸுக்குப் பூட்டிய தனி வழி போட்டுத் தரும் மென்பொருள். அது 2020இலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, போனிலும் ஓடும். கோப்புப் பகிரும் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது மட்டும் கூடாது. ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை வைத்திருப்பார்கள், அப்படியென்றால் வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரைத் தொட முடியாது. இணைப்பு கொடுத்தவரிடம் நிலையான ஐ.பி., அதாவது மாறாத சொந்த இணைய முகவரி, கேட்டு வாங்குங்கள்.

பிரிண்டர்?

கப்ஸ் என்ற அச்சிடும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வாங்கும் முன் அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

டொமைன் கன்ட்ரோலர் வேண்டுமா?

எல்லாக் கணினிகளின் பயனர் பெயர், கடவுச்சொற்களை ஒரே இடத்தில் நிர்வகிப்பது அது. 2012 கடைசியில் வந்த சம்பா 4இலிருந்து அதுவும் முடியும். எட்டு கணினிக்கு வேண்டாம்.

கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

நிறுவும் நாளில் கொஞ்சம். அதன்பிறகு காக்பிட் என்ற மென்பொருளைப் போட்டால் பிரவுசரிலேயே டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, என்ன திருத்தம் காத்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆபீஸில் யாராவது ஒருவருக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் மேடம்தான் ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்.

நீங்கள் வெளியூர் போய்விட்டால் யாரைக் கேட்பது?

சர்வர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கும், நூலில் பேனாவோடு. என்றைக்கு என்ன மாற்றினேன், எந்த ஒயர் எந்த மேசைக்கு, பேக்கப் எங்கே என்று கையால் எழுதியிருப்பேன். கடவுச்சொல் மட்டும் உறையில் ஒட்டி உரிமையாளர் பீரோவில். வேறு யார் வந்தாலும் அந்த நோட்டைப் படித்து வேலை பார்க்கலாம்.

வெளியே கேட்கவும் இடம் இருக்கிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு வருடக்கணக்காக இயங்குகிறது; 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு மினி டெப்கான்ஃப், டெபியன்காரர்களின் சிறு மாநாடு, அங்கேதான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில். தமிழில் படிக்க கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது.

எந்த ஆபீஸுக்கு வேண்டாம் என்பீர்கள்?

உங்கள் முக்கிய மென்பொருளை விற்றவர் "விண்டோஸ் சர்வர் இருந்தால்தான் சப்போர்ட்" என்று சொல்லிவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள், அதையே வாங்குங்கள். ஸ்கேன் சென்டர், லேப் மாதிரி இடங்களில் இது அடிக்கடி வரும். இரண்டே பேர் இருக்கும் ஆபீஸுக்கும் வேண்டாம், ஒரு வெளி டிஸ்க் போதும். அப்புறம், நோட்டில் எழுத மாட்டேன் என்கிற ஆள் கையில் சர்வரைக் கொடுக்க வேண்டாம்.

சர்வருக்கு என்ன பெயர் வைக்கலாம்?

சிரிக்காதீர்கள், இதைக் கேட்காத ஆபீஸே இல்லை. விண்டோஸ் கணினிகளுக்குத் தெரிகிற பெயர் ஆங்கிலத்தில் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்காரர் பாடலீஸ்வரர் என்று வைக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து, சரியாகப் போயிற்று. புதுவையில் ஒரு டிராவல்ஸ்காரர் மணக்குள விநாயகர் என்றுதான் வேண்டும் என்றார். எண்ணினால் பதினேழு. விநாயகரை வெட்டுவதா, மணக்குளத்தை வெட்டுவதா என்று காபி வரவழைத்து ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் மணக்குளம் என்று வைத்தோம். சுவரில் பலகை மேல் இருக்கிற அந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் வைக்கிறார்கள். காற்றுத் துளை மேல் மட்டும் வைக்க வேண்டாம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.